‘அவர்’ என்றால் எவர்?

அவைத் தலைவர் அவர்களே, இலக்கிய வட்டத்தின் உறுப்பினர்களே, கவிஞர் பெருமக்களே, வணக்கம்.

மேடையில் வழக்கமாகச் சொல்லப்படும் இந்த விளியிலேயே இவ்வுரைக்குரிய பொருள் அடங்கியிருக்கிறது. தலைவர் ஒருவர்தாம். அவரை ஒட்டி நிற்கும் ‘அவர்கள்’ என்ற சொல்லோ பன்மை. அதனுள் இருக்கும் ‘அவர்’ என்பதும் ஒரு காலத்தில் பன்மையே. ஆக, ஒருவரைக் குறிக்க இரட்டைப் பன்மை வந்து நிற்கிறது. ஆயினும் கேட்பவர் யாரும் தடுமாறுவதில்லை; தலைவர் எதிரே அமர்ந்திருக்கிறார். இதே சொல் நாளை நிகழ்ச்சிக் குறிப்பேட்டில், “தலைவர் அவர்களும் செயலாளர் அவர்களும் வந்திருந்தனர், அவர்கள் கூறிய கருத்து ஏற்கப்பட்டது” என்று ஏறும்போது, கூறியவர் ஒருவரா, இருவரா, ஒருவர் எனில் எவர் என்ற ஐயம் பிறந்துவிடுகிறது. பேச்சில் கண்ணும் கையும் செய்யும் வேலையை எழுத்தில் சொல்லே செய்தாக வேண்டும். சுட்டுப்பெயர் என்பது நீட்டிய விரல். அவ்விரல் யாரை நோக்கி நீள்கிறது என்று தெரியாவிட்டால் படிப்பவர் அங்கேயே நின்றுவிடுகிறார்.

தமிழ் இலக்கணம் இச்சிக்கலை மிகத் தொன்மையிலேயே எண்ணிப் பார்த்திருக்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயல் கிளவியாக்கம். ஒருவரை இயற்பெயராலும் சுட்டுப்பெயராலும் அடுத்தடுத்துச் சொல்ல நேர்ந்தால், இயற்பெயரை முன்னே வைத்துச் சுட்டுப்பெயரை அதன் பின்னே வைக்கவேண்டும் என்று அவ்வியல் விதிக்கிறது. “கண்ணன் வந்தான், அவனுக்கு இடம் கொடுங்கள்” என்பது முறை. “அவனுக்கு இடம் கொடுங்கள், கண்ணன் வந்தான்” என்றால் இரண்டு ஆட்கள் தோன்றிவிடுகிறார்கள். அடுத்த நூற்பாவே இவ்விதிக்கு ஒரு விலக்குத் தருகிறது: செய்யுளில் சுட்டு முற்பட்டு வரலாம். அதற்கடுத்த நூற்பா, ‘அதனால்’ என்பது போன்ற காரணச் சொற்களுக்கும் சுட்டுப்பெயரின் இயல்பே பொருந்தும் என்கிறது. உரைநடைக்கு ஒரு நெறி, செய்யுளுக்கு ஒரு சலுகை, காரணச் சொல்லுக்கும் அதே கட்டுப்பாடு என்று அடுத்தடுத்த மூன்று நூற்பாக்களில் இப்பொருள் முடிந்துவிடுகிறது. கவிஞர்களுக்குத் தரப்பட்ட சலுகையின் அளவு கவனிக்கத் தக்கது. பெயரைத் தள்ளி வைக்கலாம் என்பதே அதன் பொருள். பெயரைத் தராமலே போகலாம் என்பதன்று.

அதே இயல் மற்றொன்றும் கூறுகிறது. ஒருவரைப் பன்மையால் உயர்த்திச் சொல்வது மக்கள் வழக்கில் உண்டு. இலக்கண நெறிப்படி அமைந்தது அன்று. ‘அவர்’ என்ற பலர்பாற் சொல் ஒருவரைக் குறிக்கும் மரியாதைச் சொல்லாக மாறியதை அந்நாளிலேயே கண்டு, அதை வழக்கு என்ற தலைப்பில் ஏற்றிருக்கிறார்கள். பின்னர் ‘அவர்’ ஒருமைக்கு நிலைத்துவிட்டதால் பலரைக் குறிக்க ‘அவர்கள்’ வேண்டியிருந்தது. இன்று அந்த ‘அவர்கள்’ என்பதும் மரியாதைக்குப் போய்விட்டது. மரியாதை ஒரு படி ஏறும்போதெல்லாம் எண்ணிக்கை ஒரு படி மங்குகிறது.

மங்குவது எண்ணிக்கை மட்டுமன்று. ‘அவன்’, ‘அவள்’ என்ற சொற்களில் ஆணா பெண்ணா என்பது விளங்கும். ‘அவர்’ என்பதில் விளங்காது. வினைமுற்றும் உடன் மாறிவிடுகிறது. ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்ற ஈறுகள் எழுவாய் இல்லாமலே ஆளைக் காட்டும். ‘வந்தார்’ என்பது அவ்வாறு காட்டாது. தமிழில் எழுவாயை விட்டுவிட்டு எழுதுவது எளிது என்று கருதப்படுவதற்குக் காரணமே வினையின் ஈறுதான். அந்த ஈறு எல்லோருக்கும் ‘ஆர்’ என்று ஒன்றாகிவிட்டால், எழுவாயை விடும் உரிமையும் குறைந்துவிடுகிறது.

இங்கேதான் தெளிவு பற்றிய கேள்வி, நீதி பற்றிய கேள்வியோடு கைகோக்கிறது. “தொழிலாளி மேலாளரைச் சந்தித்தான்; அவர் அவனிடம் கடிந்து பேசினார்” என்ற தொடரில் ஐயம் எதுவும் இல்லை. யார் யாரைக் கடிந்தார் என்பது பளிச்சென்று தெரிகிறது. அத்தெளிவை அளித்தது எது? ஒருவருக்கு ‘அவர்’, மற்றவருக்கு ‘அவன்’ என்ற ஏற்றத்தாழ்வே. அதே தொடரை இருவருக்கும் மதிப்பளித்து எழுதினால், “தொழிலாளர் மேலாளரைச் சந்தித்தார், அவர் அவரிடம் கடிந்து பேசினார்” என்றாகிறது. மதிப்பு வந்தது, தெளிவு போயிற்று. பழைய உரைநடை பலவிடங்களில் தெளிவாக இருப்பதற்கு எழுதியவரின் திறமை மட்டுமே காரணமன்று. ஆண்டானுக்கு ஒரு சொல், அடிமைக்கு ஒரு சொல், கணவனுக்கு ஒரு சொல், மனைவிக்கு ஒரு சொல் என்று சமூகம் முன்கூட்டியே பிரித்து வைத்திருந்தது. அந்தப் பிரிவினையின் மேல் வாக்கியம் சுகமாகச் சாய்ந்துகொண்டது.

இம்மாற்றத்தைக் கண்கூடாகக் காண விவிலிய மொழிபெயர்ப்புகள் இரண்டை ஒப்பிடுவது பயன் தரும். ஹென்றி பவர் தலைமையிலான குழு உருவாக்கி 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழியில், இயேசுவுக்கு ‘அவர்’ என்றும், சீடர்களுக்கு ‘அவன்’ என்றும், அவருடைய தாய்க்கு ‘அவள்’ என்றும் வழங்குகின்றன. இயேசுவும் பேதுருவும் உரையாடும் இடங்களில் ‘அவர்’, ‘அவன்’ என்ற இரு சொற்களே போதும். பெயரைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. 1995இல் வெளிவந்த ‘திருவிவிலியம்’ என்ற பொது மொழிபெயர்ப்பில் பேதுருவுக்கும் மரியாவுக்கும் மரியாதைப் பன்மை வந்துவிட்டது. அங்கே ‘அவர் அவரிடம்’ என்று எழுதிக்கொண்டு போக முடியாது. ஆகவே பெயர்கள் அடிக்கடி வரவேண்டியிருக்கிறது. எல்லோருக்கும் சமமான மதிப்பைக் கொடுத்த மொழிபெயர்ப்பு, அதற்குரிய உழைப்பையும் கொடுக்க வேண்டியிருந்தது. சமத்துவத்திற்கு மொழியில் ஒரு விலை உண்டு. அதை எழுதுபவர்தான் செலுத்த வேண்டும். படிப்பவர் தலையில் கட்டக்கூடாது.

அப்படியானால் பழைய ‘அவன்’, ‘அவர்’ வேற்றுமைக்கே திரும்பிவிடலாமா? ஒரு கதாசிரியர் தம் பாத்திரத்தை நெருக்கம் கருதி ‘அவன்’ என்றோ ‘அவள்’ என்றோ அழைப்பது வேறு. அது கதையின் உரிமை. கட்டுரையிலோ செய்தியிலோ வாழ்க்கைக் குறிப்பிலோ உண்மை மனிதர் ஒருவரைத் தொழில் கருதியும் சாதி கருதியும் ‘அவன்’ என்பது உரிமையன்று, பழக்கத்தின் கொடுமை. தெளிவு வேண்டும் என்பதற்காக ஒருவரைத் தாழ்த்த வேண்டியதில்லை. ஏனெனில், ஆளைத் தாழ்த்தாமலே வேறுபடுத்திக் காட்டும் கருவிகள் தமிழில் ஏராளமாக உள்ளன. அவற்றைக் கையாளாமல் விட்டதே குறை.

முதற்கருவி ‘தன்’. தொல்காப்பியர் காலத்தில் ‘தான்’, ‘தாம்’ என்பவை படர்க்கைப் பெயர்களுள் எண்ணப்பட்டன. இன்று அவை எழுவாயை நோக்கித் திரும்பும் சொற்களாக வேலை செய்கின்றன. “கண்ணன் முருகனிடம் தன் வீட்டுச் சாவியைக் கொடுத்தான்” என்றால் வீடு கண்ணனுடையது. “அவன் வீட்டுச் சாவியை” என்றால் வீடு முருகனுடையதாகவோ மூன்றாம் ஆளுடையதாகவோ இருக்கும். ஆங்கிலம் போன்ற மொழிகள் விளக்கம் சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்றைத் தமிழ் ஓரசைச் சொல்லால் முடித்துவிடுகிறது. மரியாதைக்குரியவருக்கு ‘தம்’, ‘தமது’ என்று வரும், பயன் ஒன்றே. “நூலாசிரியர் பதிப்பாசிரியரிடம் தம் முன்னுரையைக் காட்டினார்” என்பதில் முன்னுரை யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை. ஆயினும் ஒரு வாக்கியத்துள் இன்னொரு வாக்கியம் நுழையும்போது இக்கருவியும் கூர் மழுங்கும். “கண்ணன் தன் தம்பி தன் நிலத்தை விற்றுவிட்டதாகச் சொன்னான்” என்பதில் முதல் ‘தன்’ தெளிவு. இரண்டாம் ‘தன்’ அண்ணனையும் குறிக்கலாம், தம்பியையும் குறிக்கலாம். நிலத் தகராறு ஒன்றில் இந்த ஐயம் வழக்குமன்றம் வரை போகும். அங்கே வாக்கியத்தை இரண்டாக உடைப்பதே வழி.

இரண்டாம் கருவி வினையெச்சம். ‘செய்து’ என்னும் வாய்பாட்டு எச்சம் தன்னுடைய வினைமுதலையே முற்றுவினைக்கும் வினைமுதலாகக் கொள்ளும் என்பது தொல்காப்பிய நெறி. ‘செய’ என்னும் எச்சம் அவ்வாறு கட்டுப்படாது. பிறிதொருவர் வினையோடும் முடியும். “ஆசிரியர் மாணவரை அழைத்துக் கேட்டார்” என்றால் அழைத்தவரும் கேட்டவரும் ஒருவரே. “ஆசிரியர் அழைக்க, மாணவர் வந்தார்” என்றால் இருவர். ‘அவர்’ என்ற சொல்லே இல்லாமல் எவர் என்ன செய்தார் என்பது விளங்கிவிட்டது. “ஆசிரியர் மாணவரை அழைத்தார், அவர் வந்தார், அவர் அவரிடம் கேட்டார்” என்று சிறு வாக்கியங்களாக உடைத்தால் தெளிவு வரும் என்ற எண்ணம் இங்கே பொய்யாகிறது. வாக்கியத்தை உடைப்பதும் கோப்பதும் இடம் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை.

மூன்றாம் கருவி சேய்மையும் அண்மையும். அகரச் சுட்டு, இகரச் சுட்டு, உகரச் சுட்டு என மூன்றை இலக்கணம் கூறுகிறது. மூன்றாவதான ‘உவன்’, ‘உது’ என்பவை யாழ்ப்பாணப் பேச்சில் இன்றும் உயிரோடு இருக்கின்றன, தமிழகத்தில் மறைந்துவிட்டன. மீதியுள்ள இரண்டையாவது முழுமையாகப் பயன்படுத்த வேண்டும். இருவரைப் பற்றிய பத்தியில் முன்னர்ச் சொல்லப்பட்டவரை ‘அவர்’ என்றும் பின்னர்ச் சொல்லப்பட்டவரை ‘இவர்’ என்றும் குறித்து, அம்முறையைப் பத்தி முடியும்வரை மாற்றாமல் காத்தால் படிப்பவர் பின்தொடர்வார். பாதியில் மாற்றினால் நம்பிக்கை போய்விடும்.

நான்காவது, அனைத்தினும் எளியது: பெயரையே மீண்டும் சொல்வது. கூறியது கூறல் குற்றம் என்ற அச்சத்தால் பலர் இதைத் தவிர்க்கிறார்கள். அக்குற்றம் கருத்தைத் திரும்பச் சொல்வதைப் பற்றியது; தெளிவுக்காகப் பெயரைத் திரும்பச் சொல்வது அதில் அடங்காது. அச்சத்தின் விளைவாக இதைவிடக் கெட்ட பழக்கம் ஒன்று புகுந்திருக்கிறது. நூல் மதிப்புரைகளில் ஒரே ஆளை முதல் வரியில் பெயராலும், இரண்டாம் வரியில் ‘கவிஞர்’ என்றும், மூன்றாம் வரியில் ‘நூலாசிரியர்’ என்றும், நான்காம் வரியில் ‘பாவலர்’ என்றும் குறிப்பார்கள். அழகுக்காகச் செய்யப்படும் இம்மாற்றத்தால் ஓர் ஆள் நால்வராகிவிடுகிறார். அணிந்துரை எழுதியவரும் ஒரு கவிஞராக இருந்துவிட்டால் குழப்பம் முழுமை பெறும்.

அஃறிணைச் சுட்டுக்கும் இதே கவனம் வேண்டும். “கூட்டத்தை மாதம் இருமுறை நடத்துவதென்றும், சந்தாவை உயர்த்துவதென்றும் பேசப்பட்டது, அதை உறுப்பினர்கள் ஏற்கவில்லை” என்று எழுதினால், ஏற்கப்படாதது எது? ‘அது’ என்ற சொல் ஒரு பொருளையும் சுட்டும், ஒரு செயலையும் சுட்டும், முன்வந்த பத்தி முழுவதையும் சுட்டும். அத்தனை வேலையைச் சுமப்பதாலேயே அது வழுக்குகிறது. ‘அதை’ என்பதற்குப் பதிலாக ‘அவ்வுயர்வை’ என்றோ ‘அவ்விரு முடிவுகளையும்’ என்றோ சுட்டோடு ஒரு பெயரைச் சேர்த்துவிட்டால் வழுக்கல் நின்றுவிடும். ‘இதனால்’, ‘ஆகவே’ என்று தொடங்கும் வாக்கியங்களையும் இப்படிச் சோதிக்கலாம். எதனால் என்று கேட்டால் ஒற்றைச் சொல்லில் விடை வரவேண்டும். வராவிட்டால், தருக்கத்தில் உள்ள ஓட்டையைச் சுட்டுச்சொல் மூடி மறைத்திருக்கிறது என்று பொருள்.

‘நான்’ என்ற சொல்கூடத் தவறான ஆளைக் காட்டக்கூடும். தமிழில் பிறர் பேச்சை ‘என்று’ சேர்த்துச் சொல்லும்போது அவர் பேசிய சொற்களே அப்படியே நிற்கும். “கண்ணன் நான் தோற்றுவிட்டேன் என்று ஊரெல்லாம் சொன்னான்” என்ற வரியில் தோற்றவன் கண்ணனா, கதை சொல்பவனா? மேற்கோள் குறி ஒன்றை இட்டாலோ, ‘தான் தோற்றுவிட்டதாக’ என்று மாற்றினாலோ ஐயம் தீரும். மேற்கோள் குறிகளை விலக்கி எழுதுவதைப் புதுமையாகக் கருதும் கதாசிரியர்கள் இந்த இடத்தை மட்டுமாவது கருத வேண்டும்.

இதுவரை கூறியவை உரைநடை பற்றியவை. கவிதைக்கு இவை பொருந்துமா என்று கேட்கலாம். அகப்பாடல்களில் மாந்தர் எவருக்கும் பெயரே இல்லை. இயற்பெயர் சுட்டலாகாது என்பது மரபு. யாரோ ஒருத்தி ‘அவர்’ என்கிறாள், ‘நீ’ என்கிறாள், ‘யாம்’ என்கிறாள். ஆயினும் அப்பாடல்களில் எவர் எவரிடம் பேசுகிறார் என்பதை மரபு அறிந்தவர் தெரிந்துகொள்கிறார். உ.வே. சாமிநாதையர் உரையுடன் 1937இல் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பைப் புரட்டினால், பாட்டுடன் இன்னார் இன்னாரிடம் இன்ன சூழலில் சொன்னது என்ற கூற்றுக் குறிப்பைக் காணலாம். பாடலின் சுட்டுப்பெயர்கள் சாய்ந்துகொள்ள ஒரு சுவர் இருந்தது. தலைவன், தலைவி, தோழி, செவிலி, பாணன், பரத்தை என்று வரையறுத்த மாந்தர் இருந்தனர். திணையும் துறையும் இருந்தன. உரைநடைக்குச் சமூகப் படிநிலை துணையாக நின்றது போல, கவிதைக்கு இம்மரபு துணையாக நின்றது.

புதுக்கவிதைக்கு அச்சுவர் இல்லை. 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இதழைத் தொடர்ந்து வளர்ந்த கவிதை, யாப்பை மட்டும் விட்டு வரவில்லை. கூற்று மரபையும் விட்டுத்தான் வந்தது. ஆகவே இன்று ஒரு கவிதையில் ‘நீ’ என்று வந்தால், அது காதலியா, கடவுளா, தலைவரா, நாடா, படிப்பவரா, கவிஞரே தம்மை விளித்துக்கொள்கிறாரா என்று ஆறு வாசல்கள் திறக்கின்றன. வேண்டுமென்றே இரண்டு வாசல்களைத் திறந்து வைப்பது கலை. எத்தனை வாசல் திறந்திருக்கிறது என்று கவிஞருக்கே தெரியாமல் இருப்பது கலையன்று.

இதற்கும் தொல்காப்பியத்தில் ஓர் ஒளி உண்டு. செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளை எண்ணும்போது ‘கூற்று’, ‘கேட்போர்’ என்பவற்றோடு ‘முன்னம்’ என்ற ஒன்றையும் எண்ணுகிறது. இச்சொல் இந்த இடத்தில் இன்னாருக்குரியது, இன்னாரை நோக்கியது என்று பாட்டின் உள்ளிருந்தே உணரும்படி அமைக்கும் குறிப்பே முன்னம். பாட்டின் புறத்தே எழுதப்பட்ட கூற்றுக் குறிப்பை இழந்தாலும், பாட்டின் அகத்தே இருக்க வேண்டிய முன்னத்தை இழக்கத் தேவையில்லை. ஒரு பொருள், ஓர் உறவுச்சொல், ஓர் இடம், ஒரு நேரம், இவற்றில் ஒன்று போதும். ‘நீ’ என்பதற்கு முன்னே ஒரு சமையற்கட்டோ பேருந்து நிறுத்தமோ வந்துவிட்டால் ஆறு வாசல்களில் நான்கு தாமாக மூடிக்கொள்ளும்.

உறவுச்சொற்களின் வரலாறே இதற்குச் சான்று. பழந்தமிழில் ‘யாய்’ என்றால் என் தாய். ‘ஞாய்’ என்றால் உன் தாய். ‘தாய்’ என்றால் அவர் தாய். ‘எந்தை’, ‘நுந்தை’, ‘தந்தை’ என்பனவும், ‘எம்பி’, ‘உம்பி’, ‘தம்பி’ என்பனவும் அவ்வாறே. தன்மையும் முன்னிலையும் படர்க்கையும் உறவுக்குள்ளேயே குடியிருந்தன. இன்று படர்க்கை வடிவங்கள் மட்டும் பொதுப்பெயர்களாக எஞ்சியிருக்கின்றன. அதனால்தான் ‘என் தந்தை’ என்று மீண்டும் ஓர் ‘என்’ சேர்க்க வேண்டியிருக்கிறது. யாருடைய தாய் என்று சொல்லாமல் ‘தாய்’ என்று சொல்லவே முடியாதிருந்த மொழி இது.

கவிஞர்கள் கருத வேண்டிய இன்னொரு சொல் ‘நாம்’. கேட்பவரையும் சேர்த்தால் ‘நாம்’, விலக்கினால் ‘நாங்கள்’. பழந்தமிழின் ‘நாம்’, ‘யாம்’ வேறுபாட்டின் தொடர்ச்சி இது. உலகின் பல மொழிகளில் இல்லாத இந்த வேறுபாடு வெறும் இலக்கண நுட்பமன்று. பொறுப்பைப் பங்கிடும் சொல். ஒடுக்கப்பட்டவர் ஒருவர் தம் மக்கள் பட்ட பாட்டை ‘நாங்கள்’ என்று எழுதினால், படிப்பவர் தாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். அத்துன்பத்தை அறியாத ஒருவர் அதையே ‘நாம்’ என்று பாடினால், அனுபவிக்காத துயரத்தில் பங்கு கேட்பதாக முடியும். ‘நாம் அவர்களை ஒடுக்கினோம்’ என்று எழுதத் துணிபவரோ படிப்பவரையும் குற்றக் கூண்டில் ஏற்றுகிறார். மூன்றும் மூன்று கவிதைகள். எதை எழுதுகிறோம் என்று தெரியாமல் ஓசைக்கு ஏற்றதைப் போட்டுவிடும்போது கவிதை தன் நிலத்தை இழக்கிறது.

பத்தாண்டுகள் கூடிக் கவிதை வாசித்து, குறை கூறி, திருத்தி வளர்ந்த வட்டம் இது. இனிவரும் அமர்வுகளில் ஒரு சிறு பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒருவர் படைப்பை அவரே வாசிக்காமல் மற்றொருவர் வாசிக்கட்டும். ‘அவர்’, ‘அது’, ‘நீ’, ‘நாம்’ என்று வருமிடத்தில் கேட்போருள் ஒருவர் ‘எவர்?’, ‘எது?’ என்று கேட்கட்டும். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. விடை பிரதியிலிருந்தே வரவேண்டும். வந்தால் அப்பிரதி தன் காலில் நிற்கிறது. வராவிட்டால் அச்சேறும் முன் திருத்த இன்னும் நேரம் இருக்கிறது.

எல்லோரையும் ‘அவர்’ என்று மதிக்கக் கற்றுக்கொண்ட உரைநடை, ஒவ்வொருவரையும் இன்னார் என்று அடையாளம் காட்டவும் கற்றுக்கொள்ள வேண்டும். கூட்டத்தில் ஒருவராகக் கரைந்துபோகும் மதிப்பு முழுமையான மதிப்பாகாது. வட்டம் வாழ்க, அதன் எழுத்து தெளிக. வணக்கம்.